தறிக்காரர் காதும் கிறுகிறுப்பும்: நம் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், குமாரபாளையம், பள்ளிபாளையம், பவானிப் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க. காது மந்தமானவர்கள் முன்வரிசைக்கு வந்து உட்காருங்கள். வாயசைவு தெரிகிற மாதிரி நிமிர்ந்தே படிக்கிறேன்.

மாதக் கூட்டங்களில் ஆடி மாதத்தது மட்டும் நடக்கவில்லை. அது பதினெட்டாம் பெருக்கன்று வந்துவிட்டது. மற்றவை தவறாமல் நடந்தன.

இந்த ஆண்டு நம்மிடம் வந்தவர்களில் பலர் காது கேட்கவில்லை என்று வரவில்லை, கிறுகிறுப்பு என்றுதான் வந்தார்கள். அதுவும் காதோடு சேர்ந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பித்தம் என்று எலுமிச்சம்பழம் முகர்ந்திருக்கிறார்கள், பிரஷர் என்று உப்பைக் குறைத்திருக்கிறார்கள்.

என் அம்மாவுக்கும் இதே கதைதான். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் விட்டமெல்லாம் சுழலும், அரை நிமிடத்தில் நின்றுவிடும். ஒரு மருத்துவமனையில் கழுத்துத் தேய்மானம் என்று பட்டை மாட்டி, தலைசுற்றல் மாத்திரை எழுதினார்கள். இரண்டு வருடம் விழுங்கினார். அந்த வகை மாத்திரையை நாள்கணக்கில் தின்றால், நிலைதடுமாற்றத்துக்குப் பழகிச் சரிசெய்துகொள்ளும் மூளையின் வேலையும் மந்தமாகும். அது எங்களுக்குத் தெரியாது. அம்மா சுவரைப் பிடித்துத்தான் நடந்தார்.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவின் தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தார். கருவிழி துள்ளியது. கோளாறு காதில்தான் என்பதற்கு அதுவே அடையாளம். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பை ஒன்று உண்டு. அதிலிருந்து உதிர்ந்த துகள் பக்கத்திலுள்ள அரைவட்டக் குழலில் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் நீரைத் தள்ளும். தலை சுழல்வதாக மூளை நினைத்துக்கொள்ளும். மருத்துவர் தலையை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி, இடப்பக்கம் திருப்பி, உடம்போடு ஒருக்களிக்க வைத்து, பிறகு உட்கார வைத்தார். துகள் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் எழுதி வெளியிட்ட முறை இது. எந்தக் காது, எந்தக் குழல் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும், அதனால் செல்போனில் பார்த்து வீட்டில் கழுத்தைத் திருப்பாதீர்கள்.

எல்லாக் கிறுகிறுப்பும் இதுவல்ல. மணிக்கணக்கில் சுற்றி, காது அடைத்து இரைந்தால் அது உள்காதைப் பாதிக்கும் மெனியர் நோயாக இருக்கலாம். கிறுகிறுப்போடு பேச்சுக் குளறினாலோ, வாய் கோணினாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ அது பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அழுக்கு என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாளிலேயே தொடங்கினால்தான் கேட்பு திரும்ப வாய்ப்பு அதிகம்.

இனி தறிச் சத்தம். சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பதுதான் காது தாங்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. நாடா அடிக்கும் தறிக் குடோனில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம், நாம் நிற்பதோ 12 மணி நேர ஷிப்டு. உள்காதின் நுண்மயிர் செல்கள் போனால் முளைப்பதில்லை. முதலில் மெல்லிய மெய்யோசைகள்தான் போகும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பேரன் ‘சட்டை’ என்றால் ‘கட்டை’ என்று விழும். காதில் வேஸ்ட் பஞ்சை அடைப்பது போதாது. காதை அடைக்கும் நுரைச் செருகியை உருட்டி, காது மடலை மேல்நோக்கி இழுத்துச் செருகினால்தான் பயன். நவம்பரில் ஐந்து குடோன்களில் செய்து காட்டினோம். பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) அறுந்தால் சத்தம் தெரியாதே என்று பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் பாவு அறுந்ததைக் கண்ணால் பார்த்துவிடலாம். போன காதை எங்கே போய்த் தேடுவது?

சத்தத்தால் வரும் செவிக்குறைபாடு தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையில் தொழில்நோயாகவே இருக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரு காதிலும் 60 டெசிபல் இழப்பு கேட்கிறது. 50-இல் நிற்கும் நம் ஆட்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

குழந்தைகள் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்த 6 வயதுதான் வரம்பு. பிறந்தவுடனே சோதனை செய்யுங்கள். கருவி வைத்த பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போகாவிட்டால் பாதிப் பலன்தான்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மீதித் தொகையில் செருகிகள் வாங்கி, அடுத்த மாதம் முதல் குடோன் குடோனாகக் கொடுக்க அனுமதி கேட்கிறேன். ஆட்சேபணை இல்லாதவர்கள் கை தூக்குங்கள்.

செயலாளர்