எங்கள் விசுவாசப் பிரமாணத்தைத் திருப்பித் தாருங்கள்

பேராயர் அவர்களுக்கும், வழிபாட்டுச் சீரமைப்புக் குழுவின் அங்கத்தினர்களுக்கும்,

இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நாம் எதை விசுவாசிக்கிறோம் என்று ஆராதனையில் சபையாகச் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, 'தங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது' என்று அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது. பரிசீலனை எத்தனை நாள் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கு வயது 87. அதனால்தான் மூன்றாவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்துக்குப் பதிலாக 'மாற்று விசுவாச அறிக்கைகளைப் பயன்படுத்தலாம்' என்ற சுற்றறிக்கை உங்களிடமிருந்துதான் வந்தது. அந்த 'லாம்' எங்கள் சபைக்கு வந்து சேர்வதற்குள் 'வேண்டும்' ஆகிவிட்டது. இப்போது வாரத்துக்கு ஒரு புது அறிக்கை திரையில் வருகிறது. சபையார் அதைப் பார்த்துப் படிக்கிறோம். போன வாரம் என்ன படித்தோம் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

என் கோரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தை முழுதாக, உள்ளபடியே, சபையார் எழுந்து நின்று சொல்ல வழி செய்யுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆலயத்துக்கு வரும்போது எல்லோரையும் போல அவரும் பாட்டுப்புத்தகம் கொண்டு வருவார். மூடியபடியே மடியில் வைத்திருப்பார். பாட்டு வந்தால் பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்து, ஒரு சொல் பின்தங்கிப் பாடுவார். வேத வாசிப்பு என்றால் கண்ணை மூடிக்கொள்வார். விசுவாசப் பிரமாணம் வரும்போது மட்டும் அவர் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சபையின் முழு அங்கத்தினராக ஆயத்தம்பண்ணும் திடப்படுத்தல் வகுப்பில் உபதேசியார் சொல்லச் சொல்லக் கேட்டு, வாயால் படித்தது அது. முதுகை நிமிர்த்தி, மற்றவர்களைவிட அரை வேகம் முன்னால் போவார். 'பொந்தியு பிலாத்து' அவர் வாயில் 'பொந்திப் பிலாத்து' என்றுதான் வரும். சின்ன வயதில் நான் அதைக் கேலி செய்ததுண்டு. அந்த இரண்டு நிமிடம், பட்டம் வாங்கிய டாக்டரம்மாவும் என் அம்மாவும் சபையில் சரிசமம். ஒரே வார்த்தை, ஒரே குரல்.

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். 'நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்' என்று மேடையில் சொன்னதும் அம்மா எழுந்து நின்று, 'வானத்தையும் பூமியையும் படைத்த சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனை' என்று தொடங்கிவிட்டார். காது கொஞ்சம் மந்தம். மற்றவர்கள் திரையில் வேறு எதையோ படிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. முன் வரிசைகளில் தலைகள் திரும்பின. ஒரு பிள்ளை சிரித்தது. மேடையிலிருந்து மைக்கில், கோபமாக இல்லை, இனிமையாகத்தான் ஒரு குரல் வந்தது: "பெரியவங்க எல்லாரும் திரையைப் பார்த்துச் சொல்லுவோமா?"

நான் அம்மாவின் கையைத் தொட்டேன். அப்போது அவர் 'சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு' வரை வந்திருந்தார். அதோடு நிறுத்திவிட்டார். இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்ற இடத்துக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மூணாம் நாள் இப்ப சொல்றது இல்லையா?"

மைக்கில் பேசியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சிறு வயதுக்காரர், கையில் கொடுத்ததைச் செய்தார். கையைத் தொட்டு நிறுத்தியவன் நான்தான், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன். அன்றிலிருந்து அந்த நேரம் வந்தால் அம்மா எழுந்து நிற்கிறார், வாய் திறப்பதில்லை.

அன்று திரையில் இருந்ததை நான் எழுதி வைத்திருக்கிறேன். 'அன்பின் ஊற்றாகிய இறைவனை நம்புகிறோம். மரியாளின் மகனாய் நம்மிடையே நடந்த இயேசுவின் வழியை நம்புகிறோம். நம்பிக்கை ஒருபோதும் சாவதில்லை என்று நம்புகிறோம்.' அழகான வரிகள்தான். வாழ்த்து அட்டையில் போட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் 'கன்னி' எங்கே போனாள்? பிலாத்து எங்கே? 'சரீரம் உயிர்த்தெழுதலும்' எங்கே? நம்பிக்கை சாகாது, சரி. அடக்கம்பண்ணப்பட்டவர் எழுந்தாரா இல்லையா?

பிலாத்துவை விட்டது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். பிரமாணத்தில் அவன் பெயர் இருப்பது அவன் நல்லவன் என்பதற்காக இல்லையே. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட, இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த ஒரு ரோம அதிகாரி அவன். 1961-ல் செசரியாவில் அவன் பெயர் பொறித்த கல்லையே தோண்டி எடுத்தார்கள். பழைய அரங்கில் யாரோ அதைப் படிக்கல்லாக மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். இது நடந்த காரியம், இன்னாருடைய ஆட்சியில் நடந்தது என்று சொல்லத்தான் அந்தப் பெயர் அங்கே நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு நல்ல எண்ணம். நல்ல எண்ணம் சிலுவையில் அறையப்படுவதில்லை.

'இன்றைய மனிதன் இவற்றை நம்பச் சிரமப்படுகிறான்' என்கிறது உங்கள் சுற்றறிக்கை. அன்றைய மனிதன் மட்டும் சுலபமாக நம்பினானா? அத்தேனே பட்டணத்தில் பவுல் பிரசங்கித்தபோது, 'மரித்தோரின் உயிர்த்தெழுதலைக்குறித்து அவர்கள் கேட்டபொழுது, சிலர் இகழ்ந்தார்கள்' என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. செத்தவன் எழுந்திருக்கமாட்டான் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் விஞ்ஞானம் தேவைப்படவில்லை. கிரேக்கர் சிரிக்கிறார்கள் என்று பவுல் அந்த வரியை எடுத்துவிடவில்லை. 'கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா' என்று கொரிந்தியருக்கு எழுதினார். விருதா, அதாவது வீண் என்கிறார், ஐயா. கொஞ்சம் குறையும் என்று சொல்லவில்லை.

இந்தக் கோபத்தில் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மன்னியுங்கள். 2025-ல் ஆயர்கள் கூடி விசுவாசப் பிரமாணம் வகுத்த நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டு என்று நாமும் விழா எடுத்தோம். பேனர் வைத்தோம், கருத்தரங்கு நடத்தினோம், வந்தவர்களுக்கு எல்லாம் பை கொடுத்தோம். பையில் நிசேயா பிரமாணத்தின் முதல் வரி அச்சாகியிருந்தது. அன்றைய ஆராதனையில் அந்தப் பிரமாணத்தைச் சொல்லவில்லை! திரையில் புது அறிக்கை. பையில் இருக்கிறது, வாயில் இல்லை. அந்தப் பை இப்போது எங்கள் வீட்டில் செருப்பு வைக்கப் பயன்படுகிறது. வேண்டுமென்று செய்யவில்லை, அளவு பொருத்தமாக இருந்தது.

325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்களில் சிலர் உபத்திரவத்தின் தழும்போடு வந்தார்கள். பாப்னூசியு என்ற எகிப்து ஆயருக்கு ஒரு கண் பிடுங்கப்பட்டிருந்தது என்று பழைய சபை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவரா, இல்லை படைக்கப்பட்டவரா என்று வாதாடினார்கள். படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியு ஒன்றும் முட்டாள் இல்லை. அவனுடைய போதனை கேட்க எளிதாகவும், அந்தக் காலத்துப் படித்தவர்களுக்கு ஏற்றதாகவும் இருந்தது. சங்கம் முடிந்த பிறகும் பல வருஷம் அரண்மனைக் காற்று அவன் பக்கம்தான் வீசியது. நிசேயாவுக்கு ஒரு உதவிக்காரராக வந்து, 328-ல் அலெக்சாந்திரியாவின் ஆயராகி, ஆரியுவின் போதனையை எதிர்த்து நின்ற அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஏறக்குறைய 17 வருஷம் அலைந்தார். காலத்துக்கேற்ப ஒரு மாற்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தால் வீட்டில் இருந்திருக்கலாம். அவருக்குச் சீரமைப்புக் குழு கிடைக்கவில்லை, பாவம்.

பிரமாணம் வானத்திலிருந்து விழுந்ததில்லை, மனிதர் சொற்களில் காலப்போக்கில் உருவானது என்று உங்கள் குழுவில் ஒருவர் என்னிடம் சொன்னார். உண்மைதான். 'பாதாளத்தில் இறங்கினார்' என்ற வரி ரோமாபுரி சபையின் பிரமாணத்தில் இல்லை என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரூபினு என்ற சபை எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கும் கொஞ்சம் தெரியும், ஐயா. ஆனால் அப்படி வந்து சேர்ந்த வரிகள், இருந்ததை விளக்க வந்தவை. இருந்ததை விலக்க வந்தவை இல்லை. சேர்ப்பதிலேயே எத்தனை ஆபத்து என்பதும் நமக்குத் தெரியாததா? நிசேயா பிரமாணத்தில், ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்ற இடத்தில் 'குமாரனிடமிருந்தும்' என்று லத்தீனில் ஒரே ஒரு சொல்லை மேற்கத்திய சபை சேர்த்தது. கிழக்கும் மேற்கும் பிரிந்ததற்கு அது ஒரு பெரிய காரணம், இன்றுவரை ஒட்டவில்லை. ஒரு சொல்லுக்கு அந்தப் பாடு. நாம் ஒரு சுற்றறிக்கையில் முழுவதையும் எடுத்து வைத்துவிட்டோம். 'பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை' என்று பிரமாணத்தில் சொல்வதன் அர்த்தம், அது எல்லாருக்கும் பொதுச்சொத்து என்பதுதானே. பொதுச்சொத்தை ஒரு குழு திருத்த முடியுமா?

1984-ல் இங்கிலாந்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவர் டர்ஹாம் பேராயரானார். கன்னிப் பிறப்பைப் பற்றித் தொலைக்காட்சியிலேயே சந்தேகம் எழுப்பியவர். ஜூலை 6-ஆம் தேதி யார்க் பேராலயத்தில் அபிஷேகம். 9-ஆம் தேதி அதிகாலையில் அந்தப் பேராலயத்தின் கூரை தீப்பற்றியது. மின்னலாக இருக்கலாம் என்றார்கள். தேவகோபம் என்று அப்போது சிலர் குதித்தார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அபிஷேகம் பண்ணிக்கொண்டவர் நன்றாகவே இருந்தார், கூரைதான் எரிந்தது. நான் அவரை நினைப்பது வேறு காரணத்துக்காக. தனக்கு எது நம்ப முடியவில்லை என்று அவர் வெளியே சொன்னார். கேட்டவர்கள் எதிர்த்து வாதாட முடிந்தது. எங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. 'கன்னியிடத்தில் பிறந்தார் என்று நாங்கள் இனி நம்பவில்லை' என்று உங்களில் யாரும் பிரசங்கபீடத்தில் நின்று சொல்லவில்லை. திரையில் ஒரு வரி காணாமல் போனது, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதை எப்படி மறுப்பது?

சபைச் சொத்துப் பத்திரத்தில் ஒரு எண் மாறியிருந்தால் இந்நேரம் வக்கீல் நோட்டீஸ் பறந்திருக்கும். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கிறோம். எந்த நிர்வாகி எந்தப் பக்கம் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். விசுவாசத்தில் ஒரு வரி போனால் மட்டும் 'எல்லாம் ஒன்றுதானே' என்கிறோம். வழக்குக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை உபதேசத்துக்குச் செலவழித்திருந்தால்... சரி, அதை விடுங்கள். அது வேறு கடிதம்.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பாரம்பரிய உபதேசம் என்று வாட்ஸ்அப்பில் கூவுகிறவர்களில் பலருக்குப் பிரமாணம் முழுதாக மனப்பாடம் இல்லை. எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பிசாசின் பிள்ளைகள் என்று எழுதுகிறார்கள். அவர்களோடு நான் சேரவில்லை. 'பரிசுத்தவான்களுக்கு ஒருவிசை ஒப்புக்கொடுக்கப்பட்ட விசுவாசத்திற்காக' போராடுங்கள் என்றுதான் யூதா எழுதினார்; வசை பாடுங்கள் என்று எழுதவில்லை. புதிய பாட்டுகள் வரட்டும், கிட்டார் வரட்டும், திரையும் இருக்கட்டும். உங்கள் மாற்று அறிக்கைகளை வாலிபர் கூட்டத்தில் தியானமாகப் படியுங்கள், நானும் வந்து உட்காருகிறேன். அவற்றைப் பிரமாணத்தின் இடத்தில் வைக்காதீர்கள், அதுதான்.

கடுமையாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் தாழ்மையாகக் கேட்கிறேன்: ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தை முழுதாக, உள்ளபடியே சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். 'லாம்' வேண்டாம், 'வேண்டும்' என்றே போடுங்கள். அதற்குக் குழு கூட வேண்டும், தீர்மானம் நிறைவேற வேண்டும் என்றால் காத்திருக்கிறோம்.

அதுவரைக்கும் ஒரு சின்ன உதவி. அம்மா இடப்பக்கம் மூன்றாவது வரிசையில், ஓரத்தில் உட்காருவார். வருகிற ஞாயிறு அவரைத் தொடங்கச் சொல்லப்போகிறேன். இந்தமுறை கையைத் தொடமாட்டேன், கூடச் சேர்ந்து சொல்வேன். முடியும்வரை மைக்கைக் கொஞ்சம் அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில் உங்கள் கீழ்ப்படிதலுள்ள
சபை அங்கத்தினன்