தைரியம் இருந்தா மிலிட்டரிக்குப் போகணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

ஏற்காட்டுல பாராகிளைடிங் (பாராசூட் மாதிரி துணியில தொங்கிட்டுப் பறக்கறது) வேணும்னு ஒரு வாசகர் எழுதினதுக்கு, காத்துல தொங்குற அளவுக்கு தைரியம் இருக்கிறவன் மிலிட்டரில போய் சேர வேண்டியதுதானேன்னு இன்னொருத்தர் போன வாரம் பதில் எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து மனசு கேக்கல. ரிஸ்க் எடுக்கிறவன் எல்லாம் சிப்பாய் ஆகணும்னு அவர் நினைக்கிறார் போல, ஆனா இன்ஜின் இல்லாம பறந்தவங்க கதையை எடுத்துப் பார்த்தாலே அந்தக் கணக்கு உதைக்கும்.

இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டன்காரனும் அமெரிக்காகாரனும் இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்துலயும் ஆளுங்களை இறக்கினாங்க. முன்னாடி போற விமானம் கயிறு கட்டி இழுத்துட்டுப் போகும், கயித்தைக் கழட்டிட்டா அவ்ளோதான், இறங்குற இடம் சரியில்லன்னு மறுபடி மேல ஏறி ஒரு ரவுண்டு வர முடியாது. ஆபத்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா பிரிட்டன்ல கிளைடர் பைலட் தரைப்படை ஆளு, இறங்கின கையோட துப்பாக்கியைத் தூக்கிட்டு சண்டைக்குப் போகணும், அதுக்கும் சேர்த்துத்தான் டிரெயினிங். 1944 செப்டம்பர்ல நெதர்லாந்து நாட்டு ஆர்ன்ஹெம்ல நடந்த சண்டைல 229 கிளைடர் பைலட்டுங்க செத்துப்போனாங்க. அமெரிக்காவுல இவங்க விமானப்படை ஆளுங்க, ஆளை இறக்கிட்டா வேலை முடிஞ்சுது, அடுத்த தடவை ஓட்ட ஆள் வேணும்ல, அதனால சீக்கிரம் திரும்பி வந்துடணும். இறங்கினதும் எந்த யூனிட்லயும் சேராம இருக்காங்கன்னு அமெரிக்க பாராசூட் படை ஜெனரல் ஜேம்ஸ் கேவின் குறைபட்டு எழுதினார். அதுக்காக அவங்க என்ன கோழைங்களா? 1945 மார்ச்ல ஜெர்மனில ரைன் நதி தாண்டி வெசல் ஊர்கிட்ட அதே பைலட்டுங்களை ஒரு கம்பெனியா சேர்த்து நிறுத்தினாங்க, ராத்திரி வந்த ஜெர்மன்காரனை அடிச்சு விரட்டினாங்க.

விளையாட்டுக்குப் பறந்தவங்களும் ஒரே மாதிரி இல்லைங்க. ராபர்ட் க்ரோன்ஃபெல்ட்னு ஆஸ்திரியாகாரர், யூதர், 1929லயே கிளைடர்ல 100 கிலோமீட்டர் தாண்டினவர், 1931ல இங்கிலீஷ் கால்வாயைப் போக வர ரெண்டு தடவை கடந்தவர். ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி கடைசில பிரிட்டிஷ் விமானப்படைல சேர்ந்தார், 1948ல ஒரு கிளைடரை சோதிச்சுப் பார்க்கும்போது விழுந்து இறந்தார். அதே விளையாட்டுல பேர் வாங்கின ஜெர்மன் பெண் விமானி ஹன்னா ரைட்ச் 1944ல ஹிட்லர்கிட்டயே போய், தற்கொலை விமானிங்களை அனுப்பலாம்னு யோசனை சொன்னாங்க. (இதையும் தைரியம்னுதான் சொல்லணுமா, எனக்கு சொல்ல வரல.)

எங்க தெருவுல மிலிட்டரி சர்வீஸ் முடிச்சு வந்த அண்ணன் ஒருத்தர் இருக்கார். டீக்கடைல அந்த லெட்டரைக் காட்டினேன். "பார்டர்ல நிக்கச் சொல்லு, இப்பவும் நிக்கறேன், அந்தத் துணியில தொங்கச் சொன்னா ஓடியே போயிடுவேன் தம்பி"ன்னு டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு சிரிக்கிறார். அவரைப் பயந்தாங்கொள்ளின்னு அந்த வாசகர் சொல்லிடுவாரா?

ஏற்காட்டுல பாராகிளைடிங் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும், அதுக்கு வேற நல்ல காரணம் இருக்கு. அங்க லேடீஸ் சீட் வியூ பாயின்ட்ல நின்னு பாருங்க, காத்து சரிவுல மோதி மேல எழும்புறப்ப பருந்து ரெக்கையே அடிக்காம மிதக்கும், ஆனா அதே காத்து மலையோட மறுபக்கம் சுழிச்சு கீழ அமுக்கும், தெரியாத ஆளு அதுல மாட்டினா கதை கந்தல். கத்துக்குடுக்கிறவருக்கு என்ன அனுபவம், கீழ இறங்க மரமும் கரண்ட் கம்பியும் இல்லாத இடம் எங்க இருக்கு, அடிபட்டா சேலத்துக்குக் கொண்டுவர எவ்ளோ நேரம் ஆகும், இதையெல்லாம் கேட்டு எழுதுங்க சார், நானும் சேர்ந்து கேக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்