12 வயதுக்கு முந்தைய கணக்கு

கண்ணா,

உன் பேட்டியை மூன்று முறை பார்த்துவிட்டேன். முதல் முறை நீ பேசியது ஒன்றுமே காதில் ஏறவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதே, நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பதில் சொன்னார். மூன்றாவது முறை தனியாகக் கேட்டேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

‘உலகத்திலேயே சிறந்த கால்பந்து ஆட்டக்காரன் ஆக வேண்டும்’ என்றாய். சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, பையனுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 19 வயதில் சொல்லாததை எப்போது சொல்வது? அடக்கம் அடக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதில் பாதி வெறும் பயம். நடக்காமல் போனால் நாலு பேர் சிரிப்பார்களே என்கிற பயம். அது உனக்கு வேண்டாம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நான் நின்றது வேறு இடத்தில். ‘யாரும் எனக்கு எதையும் சும்மா கொடுக்கவில்லை, எல்லாம் நானே உழைத்து வாங்கியது’ என்றாய். (விடியற்காலையில் எழுந்து ஓடியதைப் பெரிதாகச் சொன்னாய். நீ எழவில்லையடா, உன்னை எழுப்பினோம். போர்வையை இழுத்தால் காலால் உதைப்பாய். சரி, அதை விடு.) அடுத்த கேள்விக்கே, ‘சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஓர் அறக்கட்டளை தொடங்கப் போகிறேன்’ என்றாய். யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்றால், எதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாய்?

வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வம்பு செய்கிறேன் என்று நினைக்காதே. திருப்பிக் கொடுப்பது என்றால் வாங்கியதைக் கொடுப்பதுதான். வாங்காமல் கொடுத்தால் அதற்குப் பெயர் தானம், தர்மம். அதில் கொடுக்கிறவன் கை மேலே இருக்கும், வாங்குகிறவன் கை கீழே இருக்கும். கடனைத் திருப்பும்போது மேல் கை, கீழ் கை என்று ஒன்றும் கிடையாது. நீ எந்தக் கையோடு போய் நிற்கப் போகிறாய் என்பதுதான் என் கேள்வி.

நீ படம் ஒட்டிவைத்திருந்தாயே, இங்கிலாந்து கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட், அவர் 2020 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். அப்போது அவருக்கு 22 வயது. கொரோனா காலம். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகக் கிடைத்த இலவச உணவு உதவி, கோடை விடுமுறையில் நின்றுபோக இருந்தது. நிறுத்தாதீர்கள் என்று கேட்டு எழுதினார். மறுநாளே அரசு இறங்கி வந்தது. இங்கிலாந்தில் சுமார் 13 லட்சம் பிள்ளைகளின் விஷயம் அது. எனக்குப் பிடித்தது அந்த வெற்றிகூட இல்லை. கடிதத்தில் அவர் தன் கடனைக் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அம்மா குறைந்தபட்சக் கூலிக்கு நாள் முழுக்க வேலை பார்த்தது, அது போதாமல் போனது, பள்ளியில் கிடைத்த இலவச உணவு, அக்கம்பக்கத்தாரும் கோச்சுகளும் பார்த்துக்கொண்டது என்று எல்லாமே அதில் இருந்தது. தனக்கு என்ன கிடைத்ததோ அதையேதான் மற்ற பிள்ளைகளுக்கும் கேட்டார்.

செனகல் நாட்டு ஆட்டக்காரர் சாடியோ மானேவும் அப்படித்தான். அவருக்கு ஏழு வயதில் அப்பா இறந்தபோது செனகலில் அவருடைய பம்பாலி கிராமத்தில் மருத்துவமனை இல்லை. 2021இல் அவர் பணத்தில் கட்டிய மருத்துவமனை அங்கே திறக்கப்பட்டது. எங்கே வலித்தது என்று தெரிந்தவர் கட்டியது அது.

புகழைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அது என்னைப் பாதிக்காது’ என்று தோளைக் குலுக்கினாய். அந்தக் குலுக்கல் எனக்குத் தெரியும். கண்ணாடிச் சில்லு குத்திய காலை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும்போதும் இப்படித்தான் குலுக்குவாய். பாதிக்கும் கண்ணா. பாதிக்காது என்று சொல்கிறவனைத்தான் முதலில் பாதிக்கும். அதே ராஷ்ஃபோர்ட், அந்தக் கடிதம் எழுதி 13 மாதம் கழித்து, 2021 ஜூலை 11 அன்று யூரோ எனும் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டி அடிப்பதற்கென்றே கடைசி நிமிடத்தில் இறக்கப்பட்டார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவர் அணியின் சாஞ்சோ அடித்தது, சாகா அடித்தது, இரண்டையும் கோல்கீப்பர் தடுத்தார். சாகாவுக்கு அப்போது 19 வயது, இப்போது உனக்கு இருக்கிற அதே வயது. அன்று இரவே மூன்று பேர் மீதும் இனவெறி வசவு கொட்டியது. மான்செஸ்டரில் விதிங்டன் பகுதியில் ஒரு சுவரில் ராஷ்ஃபோர்டின் முகத்தை வரைந்திருந்தார்கள். அதன்மேலும் யாரோ அசிங்கமாக எழுதினார்கள். அக்கம்பக்கத்து ஜனங்களும் பிள்ளைகளும் வந்து, அந்த எழுத்து தெரியாதபடி சின்னச் சின்னக் காகிதங்களில் எழுதி ஒட்டினார்கள். வசவு ஒரு இரவில் வந்தது. ஒட்டியவர்களின் அன்பு அவர் பல வருடமாகச் சேர்த்தது. உனக்கும் ஒரு நாள் கம்பத்தில் படும். அன்றைக்கு வந்து ஒட்டுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்.

பயமுறுத்துகிறேன் என்றால் மன்னித்துக்கொள். அம்மாக்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். போன மாதம் உன் பழைய அகாடமியின் செயலாளர் போன் செய்து நன்றி சொன்னார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவில் ஒரு விதி இருக்கிறதாம். ஒரு ஆட்டக்காரனை வேறு நாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, அவனை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், அதற்கு மேல் வருடத்துக்கு 0.5. உன்னை வாங்கிய தொகையில் அவர்கள் பங்கு அவர்களுக்கு வந்துவிட்டது. நல்ல விதி, யார் யோசித்தார்களோ தெரியாது. நீ நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அந்தக் கடன் தானாகத் தீர்ந்துவிடுகிறது.

ஆனால் அந்த விதிக்கு 12 வயதுக்கு முன்னால் கண் தெரியாது.

ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை நீ எங்கே விளையாடினாய்? பெயர்ப்பலகைகூட இல்லாத அந்த மைதானத்தில். உன் வலது கால் ஷூவின் அடி பிளந்தபோது சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டிவிட்டாரே ஒரு கோச், அவர் எந்த ஃபிஃபா கணக்கிலும் இல்லை. பந்தை இடது காலால் வாங்கச் சொல்லி, வலது கால் ஷூவைப் பிடுங்கி ஒளித்துவைத்தவரும் அவர்தான். இன்றைக்கு உன் இடது காலைத்தான் டிவியில் மெதுவாக ஓட்டி ஓட்டிக் காட்டுகிறார்கள்.

அப்புறம் அகாடமி தேர்வு நாள். இதை நான் உன்னிடம் இதுவரை பேசியதில்லை.

மழை விட்டு மைதானம் சொதசொதவென்று கிடந்தது. உன்னோடு அதே மைதானத்தில் வளர்ந்தானே, சுருட்டை முடிக்காரன், உன்னைவிட அரை அடி உயரம், அவனும் உன் பக்கமே ஆடினான். கடைசிப் பத்து நிமிடத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது. கோல்கீப்பருக்கு நேர் எதிரே தனியாக நின்றான். அடித்திருந்தால் அவன் கோல். நீ இன்னும் நல்ல கோணத்தில் ஓடிவருவதைப் பார்த்துவிட்டு, உள்பாதத்தால் மெதுவாக உன் பக்கம் தள்ளினான். நீ அடித்தாய். கோட்டுக்கு வெளியே குடைக்குக் கீழே தேர்வாளர் நோட்டோடு நின்றார். நீ அடித்தபோது அவர் பென்சில் ஓடியது. அவன் பாஸ் கொடுத்தபோது ஓடவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பட்டியலில் உன் எண் இருந்தது. அவன் எண் இல்லை. வெளியே வரும்போது வாசலில் அவன் அம்மா அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். நான் நின்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அவள் துக்கம் நம் சந்தோஷத்தில் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று உன் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போனேன். நீ திரும்பிப் பார்த்தாய். நான்தான் விடவில்லை. ஆகவே உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ‘எல்லாம் நானே’ என்று பேச நீ கற்றுக்கொண்டது அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதானோ என்னவோ.

போன வாரம் அந்த மைதானத்துக்குப் போனேன். கோச்சுக்கு முழங்கால் போய்விட்டது. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், சத்தம் மட்டும் குறையவில்லை. பொடிசுகளை ஓடவைப்பது அவன்தான், சுருட்டை முடிக்காரன். காலையில் இங்கே, அப்புறம் வேலைக்குப் போகிறான். கோல் வலை நீங்கள் ஆடிய அதே வலைதான். கிழிந்த இடமெல்லாம் நைலான் கயிறு. ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு நிறம். ஒரு ஓட்டையில் பந்து புகுந்து வெளியே போய், கோலா இல்லையா என்று இரண்டு குட்டிகள் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். உன் போன் எண்ணைக் கேட்பான், ஏதாவது உதவி கேட்பான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. ‘ஆன்ட்டி, அவன் வலது பக்கம் திரும்பும்போது இன்னும் தலையைக் குனிகிறான். பார்க்கச் சொல்லுங்கள். பெரிய டிஃபெண்டர்கள் அதை வைத்தே பந்தைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்றான். உன் ஆட்டம் ஒன்றுவிடாமல் பார்க்கிறான் போலிருக்கிறது.

அறக்கட்டளையை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017இல் ஸ்பெயின் ஆட்டக்காரர் ஹுவான் மாட்டா, கால்பந்து வழியாகச் சமூகப் பணி செய்யும் அமைப்புகளுக்கு உதவும் ‘காமன் கோல்’ திட்டத்தில், தன் சம்பளத்தில் ஒரு சதவீதம் தருவதாகச் சேர்ந்தார், மற்ற ஆட்டக்காரர்களையும் கூப்பிட்டார். அப்படி எதிலாவது சத்தமில்லாமல் சேர்ந்துகொள், அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். பெயரும் சின்னமும் திறப்புவிழாவும் பிறகு இருக்கட்டும்.

அவன் எண்ணை நான் வாங்கிவைத்திருக்கிறேன். காலையில் கூப்பிடாதே, விசில் வாயில் இருக்கும், எடுக்க மாட்டான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எடுப்பானாம். எண் வேண்டுமென்றால் கேள்.

அம்மா