காந்தாரிக்கு வெயில் வேண்டும், மக்களே

திருவட்டாறு,
தை மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பின படத்தை அம்மா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஜன்னலோரச் சட்டியில் மிளகாய் நாற்றெல்லாம் வெளிறி, மெலிந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. விதை கெட்டதா, உனக்குத்தான் கைராசி இல்லையா என்று கேட்டிருந்தாய். இரண்டும் இல்லை மக்களே. மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வந்த விதை நல்ல விதைதான். வந்த பிறகு அதற்கு வெளிச்சம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னால் நைட் டியூட்டி முடிந்த களைப்பில் பாதி மறந்துபோவாய். அதனால் எழுதுகிறேன், வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்.

நம் வீட்டில் காந்தாரியை, அந்தக் குட்டிக் குட்டி எரிப்பு மிளகாயை, யார் விதைத்தது என்று யோசித்துப் பார். கிணற்றடியில் ஒன்று, தொழுவத்துக்குப் பின்னால் ஒன்று, ரப்பர் தோட்டத்து வேலியோரம் நாலைந்து. ஒன்றைக்கூட மனுஷர் நட்டதில்லை. கொண்டைக்குருவிதான் பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையைப் போடுகிறது. மிளகாயின் எரிப்பு பறவைகளுக்கு உறைக்காது. ஆடு மாடு போலக் கடித்து அரைப்பதும் இல்லை, விதை முழுசாக வெளியே வந்துவிடும். விழுந்த இடத்தில் மண் எப்போதும் சூடாக இருக்கிறது. மார்கழி ராத்திரியில்கூட நம் பக்கம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். வருஷத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம். காற்று செடியை ஆட்டி ஆட்டித் தண்டை உரப்பாக்குகிறது, பூத்தால் தேனீ வருகிறது. இத்தனை வேலை நடக்கிறது என்றே நாம் கவனித்ததில்லை. நீ இருக்கிற ஸ்காட்லாந்து அபர்தீனில் இதையெல்லாம் செய்ய ஆளில்லை. அதனால் ஒவ்வொன்றையும் அந்தந்த நேரத்தில் நீதான் செய்துகொடுக்க வேண்டும். மிளகாய் வளர்ப்பில் உனக்குப் புதிதாகத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

விதையிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்தவர் யாராவது வரும்போது காந்தாரி விதை கொடுத்துவிடச் சொன்னாய். அது வேண்டாம். வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுபோக அங்கே செடிநலச் சான்றிதழ் கேட்பார்கள். தக்காளி, மிளகாய் விதையோடு வருகிற ஒரு வைரஸ் நோய்க்கு அந்த நாட்டு விவசாயிகள் ரொம்பவே பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. நம் ஒரு பிடி விதையால் இன்னொருத்தருடைய பயிருக்குக் கேடு வரக்கூடாது. விதையை அங்கேயே வாங்கு.

மலையாளிக் கடையில் வாங்குகிற பச்சைக் காந்தாரியைக் கீறி விதை எடுக்காதே. காய் முற்றிச் சிவந்தால்தான் உள்ளே விதை முளைக்கிற பக்குவத்துக்கு வரும். முதல் வருஷம் காந்தாரியில் தொடங்குவதே எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. அது முளைக்கவே மூன்று நான்கு வாரம் எடுக்கும், காய்க்க அதைவிடப் பொறுமை வேண்டும், அங்கே கோடை அதற்குள் முடிந்துவிடும். அப்பாச்சி என்று ஒரு குட்டை ரகம் இருக்கிறது, ஜன்னல் திண்டிலேயே அடங்கும். ஹங்கேரியன் ஹாட் வாக்ஸ் என்று இன்னொன்று, பஜ்ஜி மிளகாய் மாதிரி நீளமாக மஞ்சளாகக் காய்க்கும், குளிர் நாட்டுக்காரர்கள் விரும்பி வைப்பது. எரிப்பு குறைவுதான், உனக்கு அது காணாது என்று தெரியும். இந்த இரண்டில் கை பழகட்டும், கூடவே ஒரே ஒரு சட்டியில் காந்தாரி இனத்து விதையும் போட்டுவை. ஆண்டிஸ் மலைக்காரர்களின் ரோகோட்டோ என்று ஒரு மிளகாயும் உண்டு. விதை கறுப்பு, பூ ஊதா, இலையெல்லாம் ரோமம். மற்ற மிளகாயைவிடக் குளிர்ச்சியைத் தாங்கும், ஆனால் பெரிய சட்டியும் நீண்ட காலமும் கேட்கும். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

எப்போது விதைப்பது? டிசம்பரில் அபர்தீனில் பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்திலும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரிகூட ஏறாது. அந்த வெளிச்சம் கண்ணாடி வழியாக வந்து எந்தச் செடிக்குப் போதும்? வெளிச்சம் எங்கே எங்கே என்று தேடித்தான் உன் நாற்று அப்படி நீண்டது. விளக்கு வாங்குவதாக இருந்தால் இப்போதே விதைக்கலாம். இல்லையென்றால் பிப்ரவரி கடைசிவரை பொறு. பின்னால் விதைத்த நாற்று முன்னால் விதைத்ததை எட்டிப் பிடித்துவிடும்.

முளைக்கும்வரை வெளிச்சம் பெரிய விஷயம் இல்லை, சூடுதான் வேண்டும். 25 முதல் 30 டிகிரி இருந்தால் சாதாரண மிளகாய் ஒன்றிரண்டு வாரத்தில் தலை காட்டும். 15 டிகிரியில் விதை மண்ணுக்குள் சும்மா கிடந்து அழுகும். அறை சூடாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே, ஈர மண் அறையைவிடக் குளிர்ந்திருக்கும். ஒரு சின்னத் தெர்மாமீட்டரை மண்ணில் சொருகிவை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஜுரம் பார்த்துக் குறிக்கிறாயே, அதைப்போல இதையும் காலையும் ராத்திரியும் குறித்துக்கொள். சட்டிக்கு அடியில் வைக்கிற ஹீட் மேட் விற்கிறார்கள், வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி சேர்த்து வாங்கினால் நல்லது. அது இல்லாவிட்டால் வெந்நீர் டேங்க் இருக்கிற அலமாரி போதும். ரேடியேட்டர் மேலே நேராக வைத்தால் மண் காய்ந்து போகும்.

விதையை முந்தின ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிடு. நாற்றுக்கென்று விற்கிற கம்போஸ்ட்டைச் சல்லடையில் சலித்து, ஈரமாக்கி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டு மூடு. மேலே பிளாஸ்டிக் உறை. முதல் முளை தெரிந்த அன்றைக்கே உறையை எடுத்துவிட்டு விளக்கடிக்குக் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருட்டலமாரியில் விட்டால் ஒரே ராத்திரியில் நீண்டுவிடும்.

விளக்கு விலை கூடினதாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளை வெளிச்சம் தருகிற எல்இடி பட்டை போதும். இலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, செடி உயர உயர விளக்கையும் ஏற்று. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். டைமர் மாட்டிவிடு, நீ எந்த ஷிப்டில் இருந்தாலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, சட்டி ஜன்னல் திண்டில் இருந்தால் ராத்திரி திரையை இழுக்கும்போது சட்டி கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அந்த இடுக்கில் விடியற்காலை எவ்வளவு குளிர் என்று கையை விட்டுப் பார்த்தால் உனக்கே தெரியும். திரை இழுக்கும் முன்னால் சட்டியை அறைப் பக்கம் எடுத்துவை.

இனித் தண்ணீர். இதை நான் நாற்றங்காலில் நின்று பார்த்துப் படித்தது. ஐப்பசி மழைக்காலத்தில் மிளகாய் நாற்று சாயங்காலம் நின்றது காலையில் தரையோடு தரையாகக் கிடக்கும். தொட்டுப் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் வெந்ததுபோலக் குழைந்திருக்கும். நாற்றழுகல் என்போம். ஈரமும் நெருக்கமும் காற்றோட்டம் இல்லாமையும் சேர்ந்தால் மண்ணிலிருக்கிற பூஞ்சணம் ஏறிவிடும். அதனால்தான் மேட்டுப்பாத்தி போட்டு, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி, அதாவது கெட்ட பூஞ்சணத்தை அடக்குகிற நல்ல பூஞ்சணம், கலந்து விதைப்போம். உன் வீட்டில் மழை கிடையாது, அங்கே பயப்பட வேண்டியது உன் பாசத்துக்குத்தான். வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் என்று ஊற்றாதே. மேல்மண் காய்ந்து நிறம் மாறினபிறகு, சட்டியை ஒரு தட்டில் வைத்துத் தட்டில் தண்ணீர் விடு. அடியிலிருந்து இழுத்துக்கொள்ளட்டும், அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடு. குழாயிலிருந்து வருகிற பனித்தண்ணீரை நேராக வேருக்கு விடாதே. முந்தின நாளே பிடித்து அறையில் வைத்திரு.

முதலில் விரிகிற இரண்டும் விதையிலை. அதற்கப்புறம் இரண்டு ஜோடி மிளகாய் இலை வந்தால் நாற்றை 7 அல்லது 9 சென்டிமீட்டர் சட்டிக்கு மாற்றலாம். இலையைப் பிடித்துத் தூக்கு, தண்டைப் பிடிக்காதே. எடுத்த எடுப்பில் பெரிய சட்டியில் வைத்தால் சின்ன வேரைச் சுற்றி நிறைய ஈர மண் குளிர்ந்து கிடக்கும். அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது அடுத்த அளவு, கடைசியில் 5 லிட்டர். தினமும் போகிற வருகிற வழியில் உள்ளங்கையால் நாற்றின் தலையை மெல்லத் தடவிக்கொடு. காற்று செய்கிற வேலை அது. ஆட ஆடத்தான் தண்டு குட்டையாக, உரமாக வரும்.

ஜூனில் உங்களுக்குப் பகல் கிட்டத்தட்ட 18 மணி நேரம். அப்போது விளக்கு வேண்டாம். பனி விழுவது முழுதும் நின்று, ராத்திரி 10 டிகிரிக்கு மேல் நிலைத்தால் வெளியே வைக்கலாம். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாள் பழக்கு. அபர்தீன் கடற்காற்றை நினைத்தால் எனக்கு வெயில் விழுகிற ஜன்னல்தான் மேல் என்று தோன்றுகிறது.

பூ உதிர்ந்தால் மனம் சோராதே. இங்கே சித்திரைச் சூட்டில் உதிர்கிறது, அங்கே ராத்திரிக் குளிரில் உதிரும். உள்ளே வைத்த செடியில் மத்தியானம் பூக்காம்பை விரலால் சுண்டிவிடு. மிளகாய்ப் பூ தன்னிலேயே தான் சூல்கொள்ளும், மகரந்தம் உதிர ஒரு அசைவு மட்டும் வேண்டும். பூக்கத் தொடங்கினதும் தக்காளிக்கென்று விற்கிற திரவ உரம் கொடு, அதில் சாம்பல்சத்து கூடுதல். நாம் அடுப்புச் சாம்பல் போடுவதை நினைத்து அங்கே சட்டியில் போடாதே, சின்னச் சட்டி மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். அசுவினிப் பூச்சி வந்தால் மருந்து தேடி அலைய வேண்டாம். விரலால் நசுக்கி, சிங்கில் சாய்த்துப் பிடித்து இலைக்கு அடியில் தண்ணீர் அடித்துக் கழுவு. மறுநாளும் பார்.

காய் சிவக்கக் காத்திருக்கும்போது சின்னவனிடமிருந்து செடியை உயரத்தில் வை. எரிப்பெல்லாம் விதையைத் தாங்குகிற அந்த வெள்ளைத் தசையில்தான் இருக்கிறது. மிளகாய் அரிந்த கையில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடு. வெறும் தண்ணீருக்கு அது போகாது.

அக்டோபரில் செடியைத் தூக்கி எறிந்துவிடாதே, இது முக்கியம். மிளகாய் ஒரு வருஷத்துச் செடி கிடையாது. நம் கிணற்றடிக் காந்தாரி எத்தனை மழைக்காலம் கண்டது என்று உனக்கே தெரியும். கிளைகளை வெட்டிக் குட்டையாக்கி, 10 டிகிரிக்குக் குறையாத வெளிச்சமான மூலையில் வைத்து, மண் பொடியாகிவிடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் காட்டு. இலையெல்லாம் கொட்டினாலும் தண்டு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மறு வருஷம் அது நாற்றுக்கெல்லாம் முன்னால் காய்க்கும். காந்தாரி போடுகிற அந்த ஒரு சட்டிக்கு இதுதான் வழி. முதல் கோடையில் அது இலையாகவே நின்றாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

மோர் மிளகாய் போட அங்கே வெயில் காணாது, அம்மா அதைப் பார்சலில் வைக்கிறாள். காந்தாரி காய்த்தால் காம்போடு கழுவித் துடைத்து, கொதித்து ஆறின உப்புத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் சேர்த்துக் கண்ணாடிப் பாட்டிலில் மூழ்கப் போட்டு, பிரிட்ஜில் வை. மரச்சீனிக் கிழங்கு உறைந்ததாவது அங்கே கிடைக்கிறது என்றாயே, அவித்து உடைத்து, இதில் இரண்டைச் சின்ன உள்ளியோடும் உப்போடும் நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டால் வேறு கறி தேட வேண்டாம்.

விதை பாக்கெட் வாங்கினதும் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, எத்தனாம் தேதி விதைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். மண்ணின் சூட்டையும் எழுது. சாப்பிடாமல் டியூட்டிக்கு ஓடாதே.

அன்புடன்,
அப்பா