ஜப்பான் டூர் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: அந்த பேய் ஊருக்கும் ஒரு ராத்திரி ஒதுக்குங்க

வணக்கம்ங்க. சென்னை, கோவை, மதுரைன்னு எங்கெங்கயோ ஆபீஸ் போட்டு ஜப்பான் பேக்கேஜ் விக்கிற எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். எந்தக் கம்பெனி பேரையும் சொல்லப் போறதில்ல, உங்க எல்லாரோட நோட்டீஸும் கிட்டத்தட்ட ஒண்ணேதான். டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, நாரா மான், ஒசாகா, கடைசில "ஃப்ரீ டே, ஷாப்பிங்". அந்த ஃப்ரீ டே பத்திதான் எனக்குப் பேச்சு.

போன வருஷம் அம்மாவ கூட்டிட்டு அப்டி ஒரு டூர்ல வந்தேன். ஒசாகால கடைசி ரெண்டு நாள் ஷாப்பிங்னு இருந்துச்சு, அம்மாவுக்கு வாங்க ஒண்ணுமில்ல, எனக்கு வாங்க காசில்ல. டூர் மேனேஜர்கிட்ட போயி, நாங்க ரெண்டு பேரும் சகாய்மினாதோ போயிட்டு மறுநாள் ராத்திரி வந்து சேந்துக்கறோம்னேன். அவரு சிரிச்சாரு. "அது சின்னப் புள்ளைங்க கார்ட்டூன் ஊரு சார், அம்மாக்கு போரடிச்சிரும், மால்ல ஏசி இருக்கு"ன்னாரு. அதையும் மீறி நாங்க போயிட்டு வந்தோம், அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்த லெட்டரே.

சகாய்மினாதோ ஜப்பானோட மேக்குப் பக்கம், தொத்தோரி மாகாணத்துல கடலோரமா இருக்கற சின்ன மீன்பிடி ஊரு. நண்டுக்குப் பேர் போன துறைமுகம். மிசுகி ஷிகேருங்கற மங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ், ஓவியர் (1922ல பொறந்தாரு, 2015ல போயிட்டாரு) வளந்த ஊரு அது. அவங்க வீட்டுக்கு வந்துபோன ஒரு ஏழைக் கெழவி, ஊரே நொன்நொன்பான்னு கூப்புட்ட பாட்டி, சாமி கும்புட்டு பொழப்ப ஓட்டுனவங்க, இந்தப் பையனுக்கு ராவெல்லாம் பேய்க்கதை சொல்லிருக்காங்க. கூரைல கறை இருந்தா அது கூரைய நக்குற பேயோட வேலையாம், ராத்திரி வந்து நாக்க நீட்டி நக்கிட்டுப் போயிருமாம். இத கேட்டு வளந்த பையன் பெரியாளாகி அத்தன பேயையும் வரைஞ்சு தள்ளிட்டாரு. ஜப்பான்ல இதுங்கள யோகாய்னு சொல்றாங்க, நம்ம பேய்னு சொல்றது முழுசா பொருந்தாது, முனி, குட்டிச்சாத்தான், மோகினி, காத்துக்கருப்பு எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டுனா கொஞ்சம் கிட்ட வரும். அவரோட ஹீரோ கிதாரோ ஒரு ஒத்தக்கண்ணு பேய்ப் பையன், அவங்க அப்பா உடம்பெல்லாம் போயி வெறும் கண்ணு முழியா மிஞ்சி, அந்த முழிக்கு கை கால் மொளச்சு மகன் தலைமுடிக்குள்ள உக்காந்து அட்வைஸ் பண்ணிட்டே இருப்பாரு. எந்த வீட்டு அப்பா மாதிரின்னு உங்களுக்கே தெரியும்.

இது சின்னப் புள்ளைங்க விஷயம்னு சொன்னீங்கல்ல. இந்த மனுஷன் ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துல இழுக்கப்பட்டு இப்ப பாப்புவா நியூ கினில இருக்கற நியூ பிரிட்டன் தீவுக்கு, ரபவுல் பக்கம் அனுப்பப்பட்டவரு. அங்க மலேரியா வந்து படுத்துக் கெடந்தப்ப குண்டு விழுந்து இடது கை போச்சு. அதுக்கப்பறம் அவரு வரைஞ்ச அத்தனையும் ஒத்தக் கையால வரைஞ்சது. அந்தப் பாட்டிய பத்தி அவரு போட்ட புத்தகத்துக்கு ஃபிரான்ஸ்ல அங்குலேம் காமிக்ஸ் விழாவுல 2007ல முதல் பரிசு குடுத்தாங்க. சின்னப் புள்ளைங்க கார்ட்டூனாம்!

சரி, போற கதைக்கு வர்றேன். யொனாகோ ஸ்டேஷன்ல எறங்கி சகாய் லைன் ரயில் புடிக்கணும். அந்த ரயில் கெளம்புற பிளாட்ஃபாரத்துக்கு நம்பர் பூஜ்யம். ஜப்பான்ல பூஜ்யத்துக்கும் ஆவிக்கும் "ரெய்"னு ஒரே சத்தம் வருது, அதனால அது ஆவி பிளாட்ஃபாரம். பதினெட்டு கிலோமீட்டர் கூட இல்லாத லைன், 16 ஸ்டேஷன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேயோட பேரு பட்டப்பேரா வெச்சிருக்காங்க, யொனாகோவுக்கு எலி மனுஷன், கடைசி ஸ்டேஷனுக்கு கிதாரோ. ரயிலு மேலயும் படம். முக்கா மணி நேரம் குலுங்கிட்டே போகும், ஸ்கூல் பசங்க ஏறி எறங்கிட்டே இருப்பாங்க.

எறங்குனதுமே ஸ்டேஷன் வாசல்ல மிசுகியே வெண்கலத்துல உக்காந்து வரைஞ்சிட்டு இருக்காரு. அங்கேர்ந்து மியூசியம் வரைக்கும் சுமார் 800 மீட்டர் ரோட்டுல ரெண்டு பக்கமும் வெண்கலச் செலைங்க. 1993ல கடைத்தெரு படுத்துப் போச்சுன்னு 23 செலை வெச்சு ஆரம்பிச்சாங்களாம், இப்ப 170க்கு மேல. 2010ல அவரு சம்சாரம் எழுதுன கதை டிவி தொடரா வந்து ஓடுனப்ப அந்த ஒரே வருஷத்துல முப்பது லட்சத்துக்கு மேல ஜனம் வந்துருக்கு, இத்தனூண்டு ஊருக்கு. தெருவிளக்கு கண்ணு முழி, டாக்ஸி தலைல இருக்கற லைட்டும் கண்ணு முழி, குச்சில சொருகி விக்கிற மிட்டாயும் கண்ணு முழி. அம்மா அத வாங்கிட்டு ரொம்ப நேரம் திங்காமலே கைல வெச்சிருந்தாங்க, அது பாத்துட்டே இருக்குன்னு.

செலைங்க பெருசுன்னு நெனச்சுறாதீங்க, நெறய மொழங்கால் ஒசரம் கூட வராது, குனிஞ்சு பாக்கணும். அம்மாவுக்கு மூட்டுவலி, இருந்தும் ஒவ்வொண்ணுத்துக்கும் குனிஞ்சாங்க. குளிக்கிற ரூம்ல அழுக்க நக்குற பேய் ஒண்ணு நாக்க நீட்டிட்டு நிக்குது, அத பாத்துட்டு "இத ஒண்ணு வீட்டுக்கு கூட்டிட்டுப் போலாமாடா"ன்னாங்க. அப்பறம் பெதோபெதோசான். உருண்டையா, வெறும் வாயி மட்டும் இருக்கற ஒண்ணு. ராத்திரி தனியா நடக்கறப்ப பின்னாடி காலடிச் சத்தம் கேட்டா அது இதுதானாம், ஒண்ணும் பண்ணாது, ஓரமா ஒதுங்கி "பெதோபெதோசான், நீங்க முன்னாடி போங்க"ன்னு சொன்னா போயிருமாம். இத போன்ல பாத்து படிச்சுச் சொன்னதும் அம்மா கம்முனு நின்னுட்டாங்க. அவங்க சின்ன வயசுல வயக்காட்டுலேர்ந்து வர்றப்ப பின்னாடி சத்தம் கேட்டா திரும்பவே கூடாதுன்னு அவங்க அப்பாயி சொல்லிருக்காம். "நாங்க ஓடுனோம், இவங்க வழி விட்ருக்காங்க பாரு"ன்னாங்க. பொறவு ஒரு மணி நேரம் அப்பாயி கதைதான், நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லாத கதைங்க, முப்பத்தாறு வயசுல.

மியூசியம் 2003ல தொறந்தது, பழைய கட்டடத்த எடுத்துட்டு புதுசா கட்டி 2024 ஏப்ரல்ல மறுபடி தொறந்தாங்க. அவரு வாழ்க்கை, போர், பேய்ங்கன்னு போகும். மிசுகி சந்தோஷமா இருக்க ஏழு விதி சொல்லி வெச்சிருக்காரு, அதுல ஆறாவது, சோம்பேறியா இருங்க. உங்க டூர்ல காலைல அஞ்சரைக்கு எழுப்பி விடுறீங்களே, அதுக்கு இது நேர் எதிரி.

ராத்திரி தங்கணும்னு ஏன் சொல்றேன்னா, கடைங்க சாயங்காலமே சாத்திருவாங்க, ஆனா 2018ல ரோட்ட புதுப்பிச்சப்ப லைட்டு வெச்சு பேய் நெழலெல்லாம் தரைல விழற மாதிரி பண்ணிருக்காங்க, அது இருட்டுல ஆள் இல்லாம பாக்க வேண்டியது.

உங்களுக்கு கணக்கு வேணும்ல, இந்தாங்க. ஒசாகாலேர்ந்து ஷிங்கான்சென் புல்லட் ரயில்ல ஒகாயாமா, அங்க மாறி யகுமோ எக்ஸ்பிரஸ்ல யொனாகோ, அப்பறம் ஆவி பிளாட்ஃபாரம், காத்திருக்கறதெல்லாம் சேத்து நாலு நாலரை மணி நேரம். சைவம் சாப்புடறவங்களுக்கு அந்த ஊர்ல கஷ்டம்தான், அத மறைக்கல, எங்கம்மா ஊறுகாய்ப் பிளம் வெச்ச சோத்து உருண்டையும் கைல கொண்டுபோன புளிக்காய்ச்சலும் வெச்சே ரெண்டு நாள ஓட்டிட்டாங்க. மத்தவங்களுக்கு நண்டு இருக்கு.

எல்லாரையும் கட்டாயப்படுத்த வேணாம், ஷாப்பிங் போறவங்க போகட்டும். அந்த ஃப்ரீ டேக்கு பக்கத்துல "விருப்பப்பட்டா சகாய்மினாதோ, ஒரு ராத்திரி"ன்னு ஒரு வரி போடுங்க, ஆளுக்கு இவ்ளோன்னு வெலையும் போடுங்க. அம்மாவோட வாக்கிங் க்ரூப்புல ஏழு பேரு இப்பவே பேரு குடுத்துட்டாங்க, எல்லாரும் அறுவதுக்கு மேல. அம்மா எட்டாவது ஆளா மறுபடி வர்றாங்களாம், என்ன கூப்புடல.