பட்டியலில் எழுதினீர்கள், குழுவில் எப்போது சேர்ப்பீர்கள்?

கடலூர் கடற்கரை ஊர்களின் புயல் பாதுகாப்பு மையங்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மழைக்கு முன்னால் எங்கள் ஊரில் நீங்கள் நடத்திய கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள், பெண்கள் என்று எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலை வாசித்தீர்கள். சரி. அப்புறம் மையத்தைக் கவனிக்கும் குழுவின் பெயர்களை வாசித்தீர்கள், அதில் ஒரு பெண்கூட இல்லை. மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்து கழிவறைக் கதவைப் பற்றிக் கேட்டதற்கு, "பயப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று உட்காரவைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அவர் பயத்தில் கேட்கவில்லை, அங்கே ஒரு ராத்திரி இருந்து பார்த்ததால் கேட்டார்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு, நாங்கள் அந்த மையத்தில்தான் இருந்தோம். பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, கரண்ட் போனபின் வெளிச்சம் இல்லை, ஆண்கள் படுத்திருந்த வராண்டாவைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். அதனால் சாயந்திரத்திலிருந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பால் கொடுக்கிற தாய்கூட இரண்டு மடக்கோடு பாட்டிலை மூடி வைத்துவிட்டாள். மாதவிலக்கில் இருந்த ஒரு பிள்ளை உள்ளே போக, அவள் அம்மா வெளியிலிருந்து கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள, சித்தி கதவுக்கு மேலே கையை நீட்டி செல்போன் டார்ச்சைக் காட்டிக்கொண்டு நின்றார். சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீரும் நேரத்துக்கு வந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கத்தான் முடியவில்லை.

நான் மீன் விற்றவரின் மகள், கல்லூரியில் பெண்ணியக் கோட்பாடு படித்தவள். உடம்பு என்று இருந்தால் அது சாலையை, விளக்கை, பக்கத்தில் நிற்கும் ஆளை நம்பித்தான் இருக்கிறது, காயப்படக்கூடிய நிலை எல்லோருக்கும் பொது, ஆனால் அது எல்லோர் தலையிலும் ஒரே அளவில் விழுவதில்லை, யார் தலையில் அதிகம் விழுகிறது என்பதுதான் அரசியல் என்கிறார் பெண்ணியத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர். அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா ஃபைன்மன் 2008இல் எழுதிய கட்டுரையும் இதை ஒட்டியதுதான்: சிலரை மட்டும் பலவீனர் என்று ஒதுக்கிவைக்காதீர்கள், அரசும் அதன் அமைப்புகளும் யாரைத் தாங்கின, யாரைக் கைவிட்டன என்று பாருங்கள்.

கடலூருக்கு இதை யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 2004 சுனாமியில் இங்கே 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் பலர் கடலுக்குள் இருந்தார்கள், ஆழத்தில் அந்த அலை படகைப் பெரிதாக அசைக்காமலேயே கடந்துபோனது. பெண்கள் வரப்போகும் மீனுக்காகக் கரையில் நின்றார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். நிறையப் பேருக்கு நீந்தத் தெரியாது, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எந்த வேலை யாருக்கு என்று ஊர் பிரித்துவைத்தது, சாவும் அந்தப் பிரிவுப்படியே வந்தது. இதை உடல் பலவீனம் என்று கணக்கெழுதினால் நீங்கள் எதையும் மாற்றவேண்டியிருக்காது.

நிவாரணமும் அப்படித்தான் இருக்கிறது. படகு உடைந்தால் கணக்கெடுக்கிறீர்கள், வலை போனால் கணக்கெடுக்கிறீர்கள். வட்டிக்குப் பணம் வாங்கி ஏலத்தில் மீன் எடுக்கிற பெண், புயல் நாட்களில் கூடையைக் கவிழ்த்துவைத்துவிட்டு வட்டியை மட்டும் கட்டுகிறாரே, அவர் எந்தப் படிவத்தில் வருகிறார்? 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நிவாரண முகாமில் உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதார வசதி எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவில் பெண்கள் தனியாகக் குறிப்பிடப்படுவது விதவைகளாக மட்டுமே. புருஷன் செத்தால்தான் எங்களைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியுமா? மீனவர்களின் பாரம்பரிய ஊர்ப் பஞ்சாயத்தில் எங்களை உட்காரவைக்காத ஊர் இது, அதையே அரசாங்கமும் செய்தால் நாங்கள் எங்கே போவது? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்ட மாநிலம்தானே இது?

கோபம் கொஞ்சம் மேலே வந்துவிட்டது, உங்கள் மேல் மரியாதைக் குறைவு இல்லை. புயல் நேரத்தில் நீங்களும் தூங்காமல் நிற்கிறீர்கள் என்று தெரியும். பட்டியலில் எங்கள் பெயர் இருக்கட்டும், ஆனால் குழுவிலும் வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக, அதிலும் மீன் விற்கிறவர்களாக இருக்கவேண்டும், மையத்தின் சாவி ஒன்று அவர்களிடம் இருக்கவேண்டும். தாழ்ப்பாளும், கரண்ட் போனாலும் எரியும் விளக்கும், கழிவறைக்குத் தனி வழியும் எங்கே எப்படி வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள்.

அக்டோபருக்குள் ஒரு கூட்டம் வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காலையில் வேண்டாம், அது வியாபார நேரம். மதியம் இரண்டு மணிக்கு மேல் என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கடலூர் கடற்கரைப் பெண் ஒருத்தி