சனசமூக நிலைய ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளரின் 2024 ஆம் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அந்த ஓராண்டில் நிலையத்தில் நடந்தவற்றையும், நடக்க வேண்டியிருந்து நடக்காமல் போனவற்றையும் சபைக்கு அறிவிக்கிறேன்.

தைப்பொங்கல் வழமைபோல் நிலைய முற்றத்தில் நடந்தது. சிரமதானம் செய்தோம், வடிகான் துப்புரவாக்கினோம். புத்தாண்டு விளையாட்டுப் போட்டிக்கு நல்ல கூட்டம். வாணிவிழா சிறப்பாக நடந்தது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலும் நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலும் வந்ததால், அந்த மாதங்களில் வைக்க நினைத்த இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிப்போட்டோம். நவம்பர்க் கடைசி மழைக்கு வாசிகசாலைக் கூரை ஒழுகியது, ஓடு மாற்றப்பட்டது. பத்திரிகைகள் தடையின்றி வந்தன.

இனி, சனிக்கிழமைச் சிறுவர் கதைநேரம். இதைப் பற்றி நிலையத்துக்குள்ளும் வெளியிலும் பல பேச்சு வந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது என்ன என்று தெரியாதவர்களுக்கு: சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் பிள்ளைகளைப் பாயில் இருத்தி, படக்கதைப் புத்தகம் ஒன்றைச் சத்தமாக வாசிக்கிறோம். எங்களைப்போல இல்லாத பிள்ளைகளின் கதைகளைத்தான் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறோம். வேறு சமயம், வேறு மொழி, வேறு நிறம், சக்கர நாற்காலியில் போகிற பிள்ளை, அம்மா வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளை என்று எல்லாம் அதில் வரும்.

ஏன் இது தேவை? நாங்கள் இருக்கிற ஊரைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் 40 வீதம் அளவில், தமிழர் 30 வீதம் அளவில், சிங்களவர் 27 வீதம் அளவில். பாலையூற்றில் போர்த்துக்கீச, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் பரம்பரையாக இருக்கிறார்கள். வெருகல் பக்கம் போனால் தமிழ் பேசுகிற கரையோர வேடர் இருக்கிறார்கள். இவ்வளவு பேரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். ஆனால் பிள்ளைகளின் பாடசாலை மொழியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடக்கிறது. ஒரே கடை வாசலில் ஐஸ்பழம் வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. பத்து வயது வரை பெயர் தெரியாமல் வளர்கிற பிள்ளை, அடுத்த தெருவைப் பற்றிப் பெரியவர்கள் வாயில் வருகிறதைத்தான் நம்பும்.

பொறுப்பெடுத்த புதிதில் எங்கள் சிறுவர் அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பார்த்தேன். நரி, காகம், சிங்கம், முயல், பிறகு ராசா, ராசகுமாரி. இதே ஊரில் இன்றைக்கு வாழ்கிற ஒரு பிள்ளையை அதில் காண்பது அருமை. இது எங்கள் அலுமாரியின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் 1985 முதல் இதைக் கணக்கெடுத்து வருகிறது. 2018 இல் அங்கே வந்த சிறுவர் புத்தகங்களில் வெள்ளைப் பிள்ளைகள் 50 வீதம், விலங்குகளும் பொருட்களும் 27 வீதம். கறுப்பின, ஆசிய, லத்தீன், பூர்வகுடிப் பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினாலும் 23 வீதம்தான். அதே நாட்டுப் பேராசிரியர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990 இல் எழுதியது இதைத்தான்: பிள்ளைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், ஜன்னலாகவும் இருக்க வேண்டும். தன் முகமும் தெரிய வேண்டும், பக்கத்து வீடும் தெரிய வேண்டும்.

போர் நடந்த ஊரில் இதெல்லாம் எடுபடுமா என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு ஜெல்லா லெப்மனைப் பற்றிச் சொன்னேன். யூதப் பத்திரிகையாளரான அவர் ஹிட்லரின் நாசிகளுக்குத் தப்பி ஜெர்மனியை விட்டுப் போனவர். போர் முடிந்ததும் அதே நாட்டுக்குத் திரும்பி வந்து, பல நாடுகளிடம் சிறுவர் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, 1946 இல் மியூனிக் நகரில் கண்காட்சி வைத்தார். 1949 இல் அது சர்வதேச இளைஞர் நூலகமாக வளர்ந்தது. சோற்றுக்கே வழியில்லாத நேரத்தில் புத்தகம் எதற்கு என்று அவரிடமும் கேட்டார்கள்தான். அவர் நிறுத்தவில்லை.

சரி, எங்கள் பாய்க்கு வருவோம். ஒரு சனிக்கிழமை, செயற்கைக் கால் பொருத்திய பையன் ஒருவனின் கதை. படத்தைப் பார்த்ததும் முன்வரிசைச் சிறுமி, "இதைக் கழட்டலாமா?" என்று கேட்டாள். வந்திருந்த தாய் ஒருவர் "ச்சூ, அப்பிடிக் கேக்கக்கூடாது" என்றார். அதற்குள் பின்னால் இருந்த ஒரு பிள்ளை, "ஓம், கழட்டலாம். எங்கட பெரியப்பா படுக்க முதல் கழட்டிச் சுவரில சாத்தி வைப்பார். உள்ளுக்கு ஒரு உறை போடோணும், இல்லாட்டி புண் வரும்" என்று விளக்கமாகச் சொன்னது. அதுவரை வாய் திறக்காத பிள்ளை அது. பிறகு ஆளாளுக்குக் கேள்வி. ஓடலாமா, கடலுக்குள் இறங்கலாமா, செருப்பு இரண்டும் ஒரே அளவா. எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளையே பதில் சொன்னது. இரக்கம் என்று ஒரு சொல் அங்கே எழும்பவில்லை. அன்று முதல் பிள்ளைகளின் கேள்வியை யாரும் அமர்த்தக்கூடாது என்பதைக் கதைநேரத்தின் விதியாகவே வைத்திருக்கிறோம்.

இன்னொரு நாள் நோன்புக் கதை. ஜமாலியாவிலிருந்து வருகிற இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள். படத்தில் குடும்பமாக நோன்பு திறக்கிறார்கள். யன்னலுக்கு வெளியே வானம் நல்ல வெளிச்சமாக இருக்கிறது. "இன்னும் பாங்கு சொல்லல்ல, அதுக்குள்ள பேரீச்சம்பழத்தைச் சாப்பிடுறாங்க, படம் பிழை" என்று மூத்தவன் எழும்பி நின்று சொன்னான். வரைந்தவருக்குத் தெரியாதது எட்டு வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது. யாரைப் பற்றி வாசிக்கிறோமோ அவர்களும் பாயில் இருக்க வேண்டும் என்று நான் ஆரம்பத்திலிருந்து பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இதுதான். அவர்கள் இல்லாமல் வாசித்தால் புத்தகத்தின் பிழை பிள்ளையின் மனதில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் சில விடயங்களைக் கவனித்தோம். மற்றச் சமயத்தவர் பெருநாளன்று மட்டும் தலைகாட்டுகிற புத்தகம் போதாது. அந்தப் பிள்ளை சைக்கிளில் விழவும் வேண்டும், வீட்டுப்பாடம் செய்யாமல் ஒளியவும் வேண்டும். ஊனமுற்ற பிள்ளை எந்நேரமும் உதவி வாங்குகிறவராகவே வந்தால் அதை ஒதுக்கி வைத்தோம். கறுப்பு நிறத்தைக் கெட்டவனுக்கே பூசுகிற படங்களையும் விலக்கினோம். எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பார்த்ததும் நிறத்தைத்தானே முதலில் கேட்கிறோம். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

புத்தகம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு காகிதத்தின் விலை உங்களுக்குத் தெரியும். ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்ட கதைப் புத்தகங்கள் சில அன்பளிப்பாகக் கிடைத்தன. மிச்சத்துக்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்திலிருந்து கதைகளை இறக்கினோம். அவை திறந்த உரிமத்தில் இருப்பவை, அச்சடித்துப் பயன்படுத்தத் தடையில்லை. வாசிப்புத் தரம் நான்கு படியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் வயதுக்கேற்ப எடுக்க முடிந்தது. தாளைத் தெரிந்த கடையில் வண்ணத்தில் அடித்து, லமினேட் செய்து, சுருள்கம்பி போட்டோம். நிலையக் காசு இந்த வேலைக்குப் போனது உண்மை. ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. யாரும் வந்து பார்க்கலாம்.

எதிர்ப்பையும் பதிவு செய்ய வேண்டும். "எங்கட பிள்ளைகளுக்கு எங்கட கதை போதாதா?" என்றார்கள். எங்கள் கதைகளை நாங்கள் நிறுத்தவில்லை. கதைநேரம் தொடங்கிய பிறகு சிறுவர் அலுமாரியிலிருந்து தமிழ்ப் புத்தகம் எடுத்துப் போகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள் என்பதை இரவல் பதிவேடு சொல்லும். மதம் மாற்றுகிற வேலை என்று வட்ஸ்அப்பில் ஒருவர் எழுதினார். நோன்புக் கதை கேட்ட பிள்ளைகள் அடுத்த வெள்ளிக்கிழமையும் அம்மாமாரோடு பத்திரகாளி அம்மன் கோவிலுக்குத்தான் போனார்கள். ஒரு பாடசாலை, கதைநேர அறிவித்தலைத் தன் பலகையில் ஒட்ட மறுத்தது. அது அவர்களுடைய முடிவு.

ஒரு மூத்த அங்கத்தவர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, சிங்களமும் தமிழும் ஒரே பக்கத்தில் இருக்கிற புத்தகங்களைப் பற்றிப் பேசினார். "நான் இழந்தது உனக்குத் தெரியும். இதை என் பேரப்பிள்ளைக்கு வாசிக்காதே, தம்பி" என்றார். அவருடைய இழப்புக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதைக் குறையாகவும் எடுக்கவில்லை. நடந்தவற்றைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும், அதை ஐயா போன்றவர்களே சொல்ல வேண்டும். ஆனால் பாயில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் போர் முடிந்த 2009 க்குப் பிறகு பிறந்தவர்கள். அபயபுரவில் இருக்கிற சிங்களப் பிள்ளையும் அப்படித்தான். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் முதன்முதலில் எங்கே அறிய வேண்டும் என்பதை நாங்கள்தானே தீர்மானிக்கிறோம். இதை ஐயாவிடம் பணிவாகச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. அந்தப் புத்தகம் வாசிக்கிற நாளை அவர் வீட்டுக்கு முன்கூட்டியே அறிவிக்கிறோம்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் பெற்றோருக்காக ஒரு கண்காட்சி வைத்தோம். எதிர்த்துப் பேசியவர்களில் பெரும்பாலானோர் அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

வராமை பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நிர்வாக சபைக் கூட்டங்கள் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் பலமுறை ஒத்திவைக்கப்பட்டன. திகதியை எல்லாரும் சேர்ந்து குறிக்கிறோம். அன்றைக்கு நானும் தலைவரும் பொருளாளரும் மட்டும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். கதைநேரத்துக்கு முறைவைத்து உதவுவதாகப் பெயர் தந்தவர்களில் கடைசிவரை நின்றவர்கள் சிலரே. வேலை, பிள்ளைகளின் டியூஷன், வீட்டு நிலைமை எனக்கும் விளங்கும். வர முடியாவிட்டால் முதல்நாள் ஒரு அழைப்பு எடுத்தால் போதும். பிள்ளைகள் பாயில் இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சந்தா நிலைமையும் அப்படித்தான். அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிலுவையில் இருக்கிறார்கள். சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு. வசதியில்லாதவர்களை நாங்கள் ஒருநாளும் நெருக்கியதில்லை, நெருக்கவும் மாட்டோம். வசதியிருந்தும் மறந்திருப்பவர்கள் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெயர்ப் பட்டியலை அறிவித்தல் பலகையில் போட வேண்டாம் என்று சபை தீர்மானித்ததை மதிக்கிறேன்.

வரவு செலவு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறத்தாழ ஒன்றையொன்று பிடித்தன, கூரைச் செலவு எதிர்பாராதது, கையிருப்பு சொற்பம்.

நிலத்தையும் கட்டடத்தையும் பேணுவதில் உதவிய போசகர்களுக்கும், வழிகாட்டிய தலைவருக்கும், பொறுமையான பொருளாளருக்கும், பத்திரிகைச் செலவை ஏற்ற வர்த்தகர்களுக்கும் நன்றி. சிங்களப் பக்கங்களை வாசித்துத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், பிள்ளைகளைக் கூட்டிவந்து கூட்டிப்போகிற அம்மம்மாமாருக்கும் சிறப்பாக நன்றி.

வரும் ஆண்டில் செய்ய ஒரு வேலை மனதில் இருக்கிறது. பாலையூற்றுப் பறங்கி வீடுகளில் வயதானவர்கள் இன்னும் தங்கள் போர்த்துக்கீசப் பேச்சைப் பேசுகிறார்கள். அவர்களைப் பற்றியோ, வெருகல் பக்கத்து வேடர் பிள்ளைகளைப் பற்றியோ தமிழில் ஒரு படக்கதைகூட என் கண்ணில் பட்டதில்லை. வெளியிலிருந்து யாரும் அதை எழுதித் தரப்போவதில்லை. எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பெரியவர்களிடம் கேட்க வைத்து, பிள்ளைகளையே வரைய வைத்து, சிறு புத்தகங்களாகக் கட்டலாம். ஏப்ரல் 2, சர்வதேச சிறுவர் நூல் தினத்தன்று முதல் புத்தகத்தை வைக்கலாம் என்று எண்ணுகிறேன். இதற்கு வேன் வாடகை வேண்டும், தாள் வேண்டும், கலர்ப் பென்சில் வேண்டும், சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் தரக்கூடிய ஆட்கள் வேண்டும்.

இன்றைய தெரிவில் யார் செயலாளராக வந்தாலும் கதைநேரம் நிற்காமல் போனால் எனக்குப் போதும். சபை மீண்டும் என்னையே கேட்டால் மறுக்க மாட்டேன். ஆனால் கூட்டத்துக்கு ஆள் வராமல், நிலுவை அப்படியே கிடந்தால், யார் வந்தாலும் தனியே இழுக்க இயலாது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருப்பார். கதைநேரத்துக்குப் பெயர் தருவோர் பக்கத்தில் உள்ள கொப்பியில் எழுதலாம். தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்